டெட்ராய்ட்டின் ஏழ்மையை எந்தக் கட்சியின் கணக்கில் எழுதுவது?

அமெரிக்காவில் தேர்தல் நெருங்கினால் ஒரு பட்டியல் சுற்றுக்கு வந்துவிடும். வறுமை மிகுந்த பத்துப் பெருநகரங்களின் பெயர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அங்கே கடைசியாகக் குடியரசுக் கட்சிக்காரர் மேயராக இருந்தது எப்போது என்ற ஆண்டு. முதல் வரி டெட்ராய்ட், 1961. அடியில், ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டு வேறு பலனை எதிர்பார்ப்பது பைத்தியக்காரத்தனம் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக ஒரு முத்தாய்ப்பு. ஐன்ஸ்டைன் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் 1961 சரிதான். அந்த ஆண்டு நவம்பரில் லூயிஸ் மிரியானி என்ற குடியரசுக் கட்சிக்காரர், ஜெரோம் கவனா என்ற 33 வயது இளைஞரிடம் தோற்றார். அதன்பின் அந்த நாற்காலியில் அமர்ந்தவர்கள் எல்லோரும் ஜனநாயகக் கட்சிச் சார்பினர்.

நாற்காலி ஒரே கட்சியிடம், ஊர் 2013இல் திவால். இரண்டையும் முடிச்சுப் போட்டால் கதை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. முடிச்சு எங்கே அவிழ்கிறது என்பதைத் தேதிவாரியாகப் பார்க்கலாம்.

ஒரு சங்கதியை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டெட்ராய்ட்டில் மேயர் தேர்தலுக்கான வாக்குச் சீட்டில் கட்சிப் பெயரே இருக்காது. 1918இல் வந்த நகர சாசனத்திலிருந்து இதுதான் வழக்கம். யார் எந்தக் கட்சி என்பது ஊருக்குத் தெரியும். சீட்டுக்குத் தெரியாது.

1961க்கு முன்னால்

1950இல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 18.5 லட்சம். அதுதான் அதன் உச்சம். 1960இல் 16.7 லட்சம். பத்தே ஆண்டில் ஏறக்குறைய 1.8 லட்சம் பேர் குறைந்துவிட்டார்கள். அந்தப் பத்தாண்டு முழுவதும் மேயராக இருந்தவர்கள் ஆல்பர்ட் கோபோவும் மிரியானியும். இருவருமே குடியரசுக் கட்சி. பட்டியல் தொடங்கும் ஆண்டுக்கு முன்பே வண்டி இறக்கத்தில் உருள ஆரம்பித்துவிட்டது.

இறக்கிவிட்டது மேயர்களும் அல்ல. பழைய கார் ஆலைகள் மாடி மாடியாக ஊருக்குள் நெருக்கியடித்து நின்றவை. போருக்குப் பின் வந்த புதிய முறைக்கு ஒரே தளத்தில் நீண்டு படுக்கும் கட்டடம் வேண்டும், சுற்றிலும் லாரி திரும்ப இடம் வேண்டும். ஊருக்குள் அவ்வளவு நிலம் இல்லை, இருந்தாலும் விலை கட்டாது. 1947க்கும் 1958க்கும் இடையில் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் மூன்றும் சேர்ந்து டெட்ராய்ட் வட்டாரத்தில் 25 புதிய ஆலைகளைக் கட்டின. இருபத்தைந்தும் நகர எல்லைக்கு வெளியே. சின்ன கம்பெனிகளோ ஒவ்வொன்றாக விழுந்தன. ஹட்சன் 1954இல் இன்னொரு கம்பெனியோடு இணைந்து உற்பத்தியை விஸ்கான்சின் மாநிலத்துக்குக் கொண்டுபோயிற்று. பேக்கார்டு 1956இல் டெட்ராய்ட் ஆலையை மூடியது. 1947 முதல் 1963 வரை நகரம் இழந்த ஆலை வேலைகள் சுமார் 1.34 லட்சம்.

அந்த வேலைகளை நம்பித் தென்மாநிலங்களிலிருந்து ரயிலேறி வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்புவதுதான் ஆலை வழக்கம். வேலை ஊரைவிட்டு வெளியே போனபோது, பின்னாலேயே போய்க் குடியேற வெள்ளையருக்கு வழி இருந்தது. இவர்களுக்கு இல்லை.

ஆறடிச் சுவர்

ஏன் இல்லை என்பதற்கு இன்றும் நிற்கும் சாட்சி ஒன்று உண்டு. நகரின் வடஎல்லையான எட்டாம் மைல் சாலைக்குப் பக்கத்தில், பர்வுட் தெரு வீடுகளின் கொல்லைப்புறம் ஒரு கான்கிரீட் சுவர் ஓடுகிறது. உயரம் ஆறடி, நீளம் அரை மைல். 1941இல் கட்டியது. சுவருக்கு ஒரு பக்கம் கறுப்பின மக்களின் குடியிருப்பு. மறுபக்கம் ஒரு மனை வியாபாரி வெள்ளையருக்காக வீடு கட்டி விற்க நினைத்தார். வாங்குபவர்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க வேண்டுமானால் கூட்டாட்சி அரசின் வீட்டுவசதி நிர்வாகம் உத்தரவாதம் தர வேண்டும். கறுப்பர் குடியிருப்பு ஒட்டியிருக்கிறது, கடன் ஆபத்தானது என்று நிர்வாகம் கைவிரித்தது. வியாபாரி இடையில் சுவர் எழுப்பினார். உத்தரவாதம் வந்தது.

இன்று அந்தச் சுவரில் வண்ண ஓவியங்கள் தீட்டியிருக்கிறார்கள், ஓரிடத்தில் அதை ஒட்டியே குழந்தைகள் விளையாடும் பூங்கா. 1941இல் வாஷிங்டனில் ஆண்டவர் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட். வீட்டுக்கடனுக்கு அரசு உத்தரவாதம் என்ற திட்டமே அவர் ஆட்சி தந்ததுதான். அமெரிக்க நடுத்தர வர்க்கம் பாதி எழுந்து நிற்பது அந்தத் திட்டத்தின் மேல். கடன் கிடைத்தவர் வீடு வாங்கினார், வீடு விலை ஏறியது, அதை வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தார். கிடைக்காதவர் வாடகை கொடுத்துக்கொண்டே இருந்தார்.

கோபோ இதற்கு எந்த வகையிலும் மாற்று அல்ல. 1949 தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர், கார் தொழிலாளர் சங்கத்தின் ஆதரவு பெற்ற ஜார்ஜ் எட்வர்ட்ஸ். டெட்ராய்ட் சங்கத்தின் கோட்டை. ஜனாதிபதி தேர்தலில் கண்ணை மூடிக்கொண்டு ஜனநாயகக் கட்சிக்குக் குத்தும் ஊர். ஆனால் அரசுக் குடியிருப்புகள் வந்தால் கறுப்பர்கள் நம் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்ற பயத்தைக் கோபோ பிடித்துக்கொண்டார். சங்க அட்டை வைத்திருந்த வெள்ளைத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக அவருக்கு வாக்களித்தார்கள். பதவிக்கு வந்ததும், நகரின் ஓரங்களில் வரவிருந்த எட்டு அரசுக் குடியிருப்புத் திட்டங்களை ரத்து செய்தார். மையத்தில் இருந்த பிளாக் பாட்டம் என்ற கறுப்பின மக்களின் பகுதி இடிபட ஆரம்பித்தது. கடைகளும் இசை விடுதிகளும் வரிசைகட்டி நின்ற ஹேஸ்டிங்ஸ் தெருவின் மேல் கிரைஸ்லர் விரைவுச்சாலை போடப்பட்டது. கோபோ பெயரைத் தாங்கி நின்ற மாநாட்டு அரங்குக்கு 2019இல் வேறு பெயர் வைத்துவிட்டார்கள்.

சுவரும் விரைவுச்சாலையும் வெவ்வேறு கட்சி ஆட்சிகளின் கைவேலை. இரண்டும் செய்த காரியம் ஒன்று.

கோட்டுக்கு அந்தப் பக்கம்

டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் நம்மவர்கள் நிறைய உண்டு. கார் கம்பெனிகளிலும் அவற்றை ஒட்டிய மென்பொருள் வேலைகளிலும் இருப்பவர்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று ஊரில் யாராவது கேட்டால், 'டெட்ராய்ட்' என்பார்கள். வீடு நோவையிலோ ட்ராயிலோ ஃபார்மிங்டன் ஹில்ஸிலோ இருக்கும். அவர்கள் சொல்வது பொய்யில்லை. வேலைச் சந்தை ஒன்றுதான், விமான நிலையம் ஒன்றுதான், நெடுஞ்சாலை ஒன்றுதான். ஆனால் அவர்கள் கட்டும் சொத்து வரி டெட்ராய்ட்டுக்குப் போவதில்லை. பிள்ளைகள் படிக்கும் பள்ளி வேறு மாவட்டம், தெருவில் ரோந்து வரும் போலீஸ் வேறு நகராட்சி.

நம் ஊர்க் கணக்கில் யோசித்தால் இது புரியச் சற்று நேரம் பிடிக்கும். அங்கே நகராட்சியின் வருமானத்தில் கணிசமான பங்கு அந்த எல்லைக்குள் இருக்கும் வீடுகளிலிருந்தும் சம்பளங்களிலிருந்தும் வர வேண்டும். வசதியானவர் கோட்டைத் தாண்டிக் குடிபோனால் வரி கூடவே போய்விடும். குழாய், சாலை, ஓய்வூதியக் கடமை எல்லாம் இந்தப் பக்கம் நின்றுவிடும். டெட்ராய்ட்டின் நிலப்பரப்பு ஏறக்குறைய 360 சதுர கிலோமீட்டர். 18 லட்சம் பேருக்காகப் போட்ட கழிவுநீர்க் குழாயை 7 லட்சம் பேர் வரி கட்டிப் பராமரிக்க வேண்டும். அதற்காக வரியை ஏற்றினால் மிச்சமிருப்பவரும் கிளம்புவார். நகர வருமான வரி 1962இல் வந்தது, 1981இல் மூன்று விழுக்காடு வரை ஏறியது. ஒவ்வொரு ஏற்றமும் அந்த நேரத்துக்குத் தவிர்க்க முடியாததாகத்தான் இருந்தது.

கோட்டைக் காத்தவர்கள் வலுவாகக் காத்தார்கள். கிழக்கே கிராஸ் பாயிண்ட்டில் வீட்டுத் தரகர்கள் வாங்க வருபவருக்கு மதிப்பெண் போட்டு வடிகட்டியது 1960இல் அம்பலமானது. போலந்துக்காரர், இத்தாலியர், யூதர் என்று ஆளுக்கொரு தேர்ச்சி மதிப்பெண். கறுப்பருக்கும் ஆசியருக்கும் தேர்வு எழுதவே இடமில்லை. 1974இல் உச்ச நீதிமன்றம் மில்லிகன் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பில், பள்ளிகளில் இனக்கலப்பை உண்டாக்க டெட்ராய்ட் மாணவர்களைப் புறநகர் மாவட்டங்களோடு சேர்க்கக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. எல்லை தாண்டினால் போதும், பிள்ளையின் பள்ளிக்கூடம் மாறாது என்ற உறுதி அன்று எழுத்தில் கிடைத்துவிட்டது.

பேருந்தும் அந்தக் கோட்டில் நின்றது. நகரத்துக்கு ஒரு பேருந்துக் கழகம், புறநகருக்கு இன்னொன்று. புறநகர்க் கழகத்திலிருந்து விலகிக்கொள்ள ஒவ்வொரு ஊருக்கும் உரிமை இருந்தது. நோவை விலகியிருந்தது, ராசெஸ்டர் ஹில்ஸும். டெட்ராய்ட்டில் கார் இல்லாத ஒருவர் நோவை கடைத்தொகுதியில் வேலை கேட்டுப் போக வேண்டுமானால், கடைசி நிறுத்தத்தில் இறங்கி நடப்பதுதான் வழியாக இருந்தது. கார் செய்தே பேர் வாங்கிய ஊர் இது. ஓக்லண்ட் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) வாக்காளர்கள் 2022 நவம்பரில் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் இந்த விலகல் உரிமை அங்கே முடிவுக்கு வந்தது.

இந்தக் கோடு மக்களை மட்டும் பிரிக்கவில்லை, வாக்குகளையும் பிரித்தது. 1950இல் நகரில் கறுப்பின மக்கள் 16 விழுக்காடு, 2010இல் 83. அறுபதுகளின் குடிமை உரிமைச் சட்டங்களுக்குப் பிறகு அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களிக்கிறார்கள். குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கக் கூடியவர்களில் பெரும்பகுதி எட்டாம் மைலுக்கு அப்பால் போய்விட்டது. ஆக, ஒரே சல்லடைதான் ஏழைகளை உள்ளே நிறுத்தியது, ஜனநாயகக் கட்சி வாக்குகளையும் உள்ளே நிறுத்தியது. பட்டியல் போட்டவர் இரண்டையும் பார்த்துவிட்டு, ஒன்றால் மற்றொன்று வந்தது என்கிறார். 2013 வாக்கில் நகரத்தில் பத்தில் ஏறக்குறைய நால்வர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. புறநகரையும் சேர்த்து ஒரே வட்டாரமாக எண்ணினால் அந்த விழுக்காடு பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. மேயர் மாறவில்லை, எண்ணிய இடம்தான் மாறியது.

மேயர் பேனாவின் மை

இதை டெட்ராய்ட்டை மட்டும் வைத்து நிரூபிக்க முடியாது. ஃபெர்னாண்டோ ஃபெரேராவும் ஜோசப் ஜியோர்கோவும் 2009இல் வெளியிட்ட ஆய்வு நானூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க நகரங்களை எடுத்துக்கொண்டது. அவர்கள் கையாண்ட உத்தி எளிமையானது. ஒரு கட்சி 80 விழுக்காடு வாங்கும் ஊரையும் மற்ற கட்சி 80 விழுக்காடு வாங்கும் ஊரையும் ஒப்பிட்டால் ஊர்களின் வேறுபாடுதான் தெரியும். நூலிழையில் வெற்றி தோல்வி தீர்ந்த ஊர்களை எடுத்தால், ஊர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, கட்சி மட்டும் வேறு. அப்படிப் பார்த்ததில் நகராட்சியின் அளவு, செலவைப் பிரிக்கும் விதம், குற்ற விகிதம் எதிலும் கட்சியால் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு வந்த சில ஆய்வுகள் இதை முழுதாக ஒப்பவில்லை, ஜனநாயகக் கட்சி மேயர்கள் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள் என்றன. இவையெல்லாம் அளந்தது வரவு செலவை. வறுமையை நேரடியாக அல்ல. ஆனாலும், செலவே பெரிதாக மாறாத இடத்தில் வறுமை மட்டும் மேயரின் கட்சியைப் பார்த்து மாறும் என்று நம்புவது கடினம்.

பட்டியலுக்கே திரும்பினால் வேறு ஓட்டைகளும் தெரியும். மயாமியில் குடியரசுக் கட்சி மேயர் இருந்ததே இல்லை என்று அதில் வரும். ஜோ கரோலோவும் தாமஸ் ரெகலாடோவும் அங்கே மேயர்களாக இருந்த குடியரசுக் கட்சிக்காரர்கள். மில்வாக்கியின் வரிசையில் 1908 என்று இருக்கும். இடையில் 38 ஆண்டுகள் அந்த ஊரை ஆண்டவர்கள் சோஷலிஸ்டுகள் என்பதும், சிக்கனத்துக்கும் நேர்மைக்கும் அவர்கள் பேர் வாங்கியவர்கள் என்பதும் பட்டியலில் இராது. கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ 1993 முதல் வரிசையாகக் குடியரசுக் கட்சி மேயர்களையே பார்த்துவருகிறது. அந்த மாநிலத்துப் பெருநகரங்களில் வறுமைக்குப் பேர்போனதும் அதுதான். சான் பிரான்சிஸ்கோவும் சியாட்டிலும் அரை நூற்றாண்டாக ஜனநாயகக் கட்சியிடம். அங்கே வீட்டு வாடகைக்குத்தான் ஆள் ஏழையாக வேண்டும்.

மேயர் ஏன் இவ்வளவு பலவீனமானவர் என்பதற்குப் போல்டவுன் என்ற குடியிருப்புப் பகுதிக்கு நேர்ந்தது நல்ல பாடம். டெட்ராய்ட்டின் முதல் கறுப்பின மேயர் கோல்மன் யங். 1974 முதல் 20 ஆண்டுகள் பதவியில் இருந்தவர், பழைய தொழிற்சங்கக்காரர், இடதுசாரி. 1980இல் ஜெனரல் மோட்டார்ஸ் புதிய ஆலைக்கு இடம் கேட்டது, இல்லையென்றால் வேறு ஊர் பார்ப்போம் என்றது. போல்டவுனில் சுமார் 4,200 பேரை நகராட்சியே வெளியேற்றி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளையும் தேவாலயங்களையும் தரைமட்டமாக்கி நிலத்தைக் கம்பெனியிடம் கொடுத்தது. சொன்னது 6,000 வேலை. அந்த எண்ணிக்கையை ஆலை எட்டவே இல்லை. யங்கின் இடத்தில் குடியரசுக் கட்சிக்காரர் இருந்திருந்தாலும் இதையே செய்திருப்பார். வரிக்கு ஏங்கும் ஊருக்குப் பேரம் பேச வாயில்லை.

எந்த மாடியில் எந்தக் கட்சி?

'யார் ஆண்டது' என்ற கேள்வியில் நகர மன்றத்தை மட்டும் பார்ப்பது, கூரை ஒழுகுவதற்குக் கீழ்வீட்டுக்காரரைத் திட்டுவது போல. மிச்சிகன் மாநில செனட் 1984 முதல் 2022 தேர்தல் வரை தொடர்ந்து குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது. ஆளுநர் பதவி மட்டும் இரண்டு கட்சிக்கும் மாறி மாறிப் போயிற்று. (அங்கே ஆளுநர் என்றால் நம் முதல்வர் மாதிரி, மக்கள் தேர்ந்தெடுப்பவர்.) 1998இல் ஆளுநர் ஜான் எங்லரும் மேயர் டென்னிஸ் ஆர்ச்சரும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். நகரம் வருமான வரியை மூன்றிலிருந்து படிப்படியாக இரண்டு விழுக்காடாகக் குறைக்கும், பதிலுக்கு மாநிலம் தரும் வருவாய்ப் பங்கு குறையாமல் வரும். நகரம் குறைக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலத்துக்குக் கை இறுகியது, பங்கு சுருங்கிற்று. 1999இல் இன்னொரு சட்டம். நகராட்சி ஊழியர் அந்த நகரத்திலேயே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அது நீக்கியது. போலீஸ்காரர்களும் தீயணைப்பு வீரர்களும், அதாவது மாதச் சம்பளம் உறுதியாக வரும் மிச்ச நடுத்தர வர்க்கமும், வீட்டை விற்றுக் கிளம்பியது. குறைந்தபட்சக் கூலியை நகரமே கூட்டிக்கொள்ளலாமா என்றால், 2015இல் அதற்கும் மாநிலம் தடை போட்டுவிட்டது.

மேயர் இல்லாமலே ஆண்ட காலமும் உண்டு. கடனில் தத்தளிக்கும் நகரத்தை நடத்த மாநிலம் நியமிப்பவர் நெருக்கடி நிர்வாகி. அவருக்கு வானளாவிய அதிகாரம் தந்த சட்டத்தை 2012 நவம்பரில் மிச்சிகன் வாக்காளர்கள் வாக்களித்து நீக்கினார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் புதிய சட்டம் போட்டது. இந்த முறை வாக்கெடுப்புக்கு விட முடியாதபடி ஒரு நிதி ஒதுக்கீட்டையும் உள்ளே செருகிவிட்டது. 2013 மார்ச்சில் ஆளுநர் ரிக் ஸ்னைடர், கெவின் ஓர் என்ற வழக்கறிஞரை டெட்ராய்ட்டுக்கு நியமித்தார். ஜூலை 18 அன்று நகரம் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. கடன் சுமார் 1,800 கோடி டாலர், அமெரிக்க நகராட்சி வரலாற்றிலேயே பெரியது. அந்த ஆண்டு பத்துத் தெருவிளக்குகளில் நான்கு எரியவில்லை.

நகர மன்றம் தன் கையால் செய்தது

இதுவரை சொன்னதை வைத்து ஜனநாயகக் கட்சியை விடுதலை செய்துவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். எதிர்க்கட்சி என்று ஒன்று இல்லாத ஊரில் நடக்கக் கூடியது இங்கும் நடந்தது. குவாமி கில்பாட்ரிக் 2002இல் மேயரானார். 2005இல் ஓய்வூதிய நிதியின் பள்ளத்தை நிரப்ப 140 கோடி டாலருக்கு மேல் சுற்றிவளைத்துக் கடன் வாங்கினார், வட்டி விகிதத்தின் மேல் பந்தயமும் கட்டினார். வட்டி எதிர்த்திசையில் போயிற்று. அவர் 2008இல் பதவி விலகினார், ஊழல் வழக்கில் 2013இல் 28 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பின்னர் ஜனாதிபதி டிரம்ப் தண்டனையைக் குறைத்ததில் வெளியே வந்தார்.

கில்பாட்ரிக் கதை தலைப்புச் செய்திக்கு ஏற்றது. ஏழைகளை நேராகத் தாக்கியது இன்னொன்று, யாரும் கைதாகாத ஒன்று. 2008க்குப் பின் வீட்டு விலை பாதாளத்துக்குப் போனது. நகராட்சியின் மதிப்பீட்டு அலுவலகம் ஏட்டில் இருந்த மதிப்பை அதற்கேற்பக் குறைக்கவில்லை. சொத்தின் சந்தை விலையில் பாதிக்கு மேல் மதிப்புப் போடக் கூடாது என்பது மிச்சிகன் அரசியல் சட்டம். பத்தாயிரம் டாலருக்கும் விலைபோகாத வீட்டுக்குப் பழைய உச்ச விலையைப் பிடித்துக்கொண்டு வரிச்சீட்டு வந்தது. 2010 முதல் 2016 வரை இப்படிக் கூடுதலாக விதித்த வரி குறைந்தது 60 கோடி டாலர் என்று பின்னர் பத்திரிகை விசாரணை ஒன்றில் தெரியவந்தது. மூன்றாண்டு பாக்கி விழுந்தால் கவுண்டி ஜப்தி செய்யும். ஏலத்தின் இரண்டாம் சுற்றில் ஆரம்ப விலை 500 டாலர். வீட்டுக்காரர் கட்ட முடியாமல் விட்ட பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு யாரோ ஊர் பேர் தெரியாதவர் எடுத்துவிட்டு, அதே குடும்பத்திடம் வாடகை கேட்டார்.

ஏழைகளுக்கு இந்த வரியிலிருந்து விலக்கு உண்டு. சட்டத்திலேயே இருந்தது. விண்ணப்பப் படிவம் வாங்குவதே ஒரு வேலை, அதை ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும், கொடுத்தாலும் பழைய பாக்கி போகாது. 2016இல் வழக்குப் போட்டு, 2018இல் வந்த சமரசத்தில்தான் அது இளகியது. இந்தக் காலத்தில் மேயர், நகர மன்றம், கவுண்டி எல்லாம் ஜனநாயகக் கட்சியினர். இதற்காகத் தேர்தலில் பதவி இழந்தவர் என்று சொல்ல ஒரு பெயர் இல்லை. 2021 மேயர் தேர்தலில் பதிவான வாக்காளர்களில் கால்வாசிப் பேர்கூட வாக்களிக்கவில்லை. ஒற்றைக் கட்சி ஆதிக்கத்தை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவேன் என்றால் இந்த வழக்கில்தான் ஏற்றுவேன். அது வறுமையை உண்டாக்கியது என்பதல்ல குற்றச்சாட்டு. வறியவரிடம் இருந்த கடைசிச் சொத்து போவதைப் பார்த்துக்கொண்டு, பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தது.

திவாலிலிருந்து நகரம் 2014 டிசம்பரில் வெளியே வந்தது. சுமார் 700 கோடி டாலர் கடன் தள்ளுபடி. கலைக்கூடத்து ஓவியங்களை விற்காமல் காக்கவும் ஓய்வூதிய வெட்டைக் குறைக்கவும் அறக்கட்டளைகளும் மாநிலமும் சேர்ந்து 81.6 கோடி டாலர் தந்தன. அப்படியும் நகராட்சியின் பொது ஓய்வூதியர்களுக்கு 4.5 விழுக்காடு வெட்டு, விலைவாசிப் படியும் போயிற்று. 2016 முடிவதற்குள் 65,000 புதிய தெருவிளக்குகள் எரிந்தன. 2023இல் மக்கள்தொகை ஏறியதாகக் கணக்கெடுப்புத் துறை மதிப்பிட்டது. 1957க்குப் பின் அதுதான் முதல் ஏற்றம். கூடியவர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. வறுமை விழுக்காடு நாற்பதிலிருந்து இறங்கியிருக்கிறது, ஆனாலும் மூன்றில் ஒருவரையொட்டியே நிற்கிறது.

2014 தொடங்கி 12 ஆண்டுகள் மேயராக இருந்தவர் மைக் டகன், ஜனநாயகக் கட்சிக்காரராக வென்றவர். 2024 டிசம்பரில் அவர் கட்சியை விட்டு வெளியே வந்து, ஆளுநர் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப்போவதாக அறிவித்தார். அடுத்த முறை பட்டியல் சுற்றுக்கு வரும்போது, அவர் காலத்து விளக்குகளையும் அவர் காலத்து ஜப்தி ஏலங்களையும் எந்தக் கட்சிக்கு எதிரே எழுதுவார்கள் என்று பார்க்க எனக்கு ஆவல்.